கம்பளையில் கோப்பிக்கு ஒரு பரீட்சை

கண்டியிலிருந்து பேராதனை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில், மகாவலி கங்கையின் ஓரத்தில் அமைந்திருக்கும் பழைய நகரம் கம்பளை. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள அரசர்கள் தலைநகராகக் கொண்டிருந்த இடம். இன்று கடைத்தெருவும், பள்ளிவாசல்களும், பாடசாலைகளும், சனம் நிறைந்த பஸ் நிலையமுமாக இருக்கின்றது. நகரைச் சுற்றிலும் மலைகள். மலைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. பார்ப்பவர்கள் இங்கே ஆதிமுதல் தேயிலைதான் இருந்தது என்று எண்ணுவார்கள். உண்மை அதுவல்ல. தேயிலைக்கு முன்னர் இம்மலைகளைக் கோப்பி மரங்கள் மூடியிருந்தன.

நம் வீடுகளில் கோப்பிக்கு உள்ள இடத்தைச் சகோதரிகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மழை நாளில் கோப்பி. தடிமன் பிடித்தால் சுக்குக் கோப்பி. மையித்து வீட்டில் இரவு விழித்திருப்போருக்குக் கோப்பி. ஆயினும் கடையில் வாங்கும் தூள் நல்லதா, கெட்டதா என்பதை நாம் எதைக் கொண்டு தீர்மானிக்கின்றோம்? நிறம் கறுப்பாக இருக்கின்றதா, வாசம் தூக்கலாக இருக்கின்றதா என்பதை மட்டுமே பார்க்கின்றோம். கோப்பி வறுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எதைக் கொண்டு தீர்மானிக்கின்றார்கள்? இதை அறிந்துகொள்ளும் ஆவலில் விடுமுறையொன்றில் கம்பளைப் பக்கம் சென்றேன். அங்கே சிறியதொரு வறுக்கும் கூடத்தை நடத்தி வரும் ஹாஜியார் ஒருவர் எனக்கு அறிமுகமானவர். தமது பெயரையும் கடையின் பெயரையும் போட வேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள். அவரிடம் கண்டவையும் கேட்டவையும் குடும்பப் பெண்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

ஒரே மரம், இரண்டு விலை

கூடத்துக்குள் போவதற்கு முன்னர் கொஞ்சம் பழைய வரலாறு. 1824ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகிலுள்ள சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தோட்டம் போட்டார். பிறகு காடு வெட்டுவது பெரும் வேகத்தில் நடந்தது. தென்னிந்தியாவிலிருந்து கூலியாட்கள் கால்நடையாக வந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். 1867இல் கண்டி வரைக்கும் வந்த புகையிரதப் பாதைகூட, பெரும்பாலும் கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகவே போடப்பட்டது.

வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் வருமுன்பே கண்டிக் கிராமங்களில் கோப்பி இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் பலாவுக்கும் பாக்குக்கும் நடுவே நாலைந்து மரங்கள் நிற்கும். நம் முன்னோரான முஸ்லிம் வியாபாரிகள் உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றைத் தவளம் எனப்படும் பொதிமாடுகளில் ஏற்றி இக்கிராமங்களுக்குக் கொண்டு செல்வார்கள். திரும்பும்போது கோப்பியையும் பாக்கையும் ஏற்றி வருவார்கள்.

லண்டன் சந்தையில் இந்தக் கிராமத்துக் கோப்பிக்கு ‘சுதேசக் கோப்பி’ என்று பெயர். துரைமாரின் கோப்பி ‘தோட்டக் கோப்பி’. ஒரே மலை, ஒரே மழை, ஒரே இன மரம். ஆனாலும் தோட்டக் கோப்பிக்கு நல்ல விலையும் சுதேசக் கோப்பிக்குக் குறைந்த விலையும் கிடைத்தன. காரணம் என்ன? 1837இல் ஆர். பி. டைட்லர் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் முறையை இங்கே கொண்டு வந்தார். பழத்தைப் பறித்தவுடன் தோலைப் பிரித்து, கொட்டையில் ஒட்டியுள்ள வழுவழுப்பை ஊறவைத்துக் கழுவி, பிறகு காயவைக்கும் முறை அது. கொழும்பிலே இருந்த கோப்பிக் களஞ்சியங்களில் பெண்கள் வரிசையாக அமர்ந்து கெட்ட கொட்டைகளைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். கிராமத்திலோ பழமும் காயும் சேர்த்து உருவி, மண் தரையில் பரப்பி, தோலோடு காயவைத்து உரலில் இடித்தார்கள்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலைத் துரு நோய் காணப்பட்டது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகப் படரும் பூஞ்சணம். ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடந்த கோப்பி, 1880களில் சரிந்து போனது. தோட்டங்களில் தேயிலை வந்தது. ஆனால் கொல்லைப்புறத்து நாலைந்து மரங்கள் முற்றாகப் போகவில்லை. அறபிக்கா இனத்தோடு, நோய்க்கு ஓரளவு ஈடுகொடுக்கும் ரொபஸ்டா இனமும் பின்னாளில் சேர்ந்துகொண்டது. கண்டி, மாத்தளை, கேகாலை, நுவரெலியா மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களில் இன்றும் நிற்பவை இவைதாம். ஹாஜியாரின் கூடத்துக்கு வரும் சாக்குகளும் இத்தகைய வீடுகளிலிருந்தே வருகின்றன.

சாக்கின் அடியில் என்ன இருக்கின்றது?

கூடம் என்றதும் பெரிய ஆலையை நினைக்க வேண்டாம். முன்னால் விற்பனை மேசை. பின்னால் நீண்ட அறை. அறையின் ஒரு பக்கம் சாக்குகள், மறுபக்கம் சுழலும் இரும்பு உருளையோடு வறுக்கும் இயந்திரம். யன்னலோரம் வெள்ளைத் துணி விரித்த மேசையொன்று. “இதுதான் மௌலவி நம்மட பரீட்சை மண்டபம்” என்றார் ஹாஜியார்.

சாக்கு வந்ததும் அதன் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்து விலை சொல்வது அவர் வழக்கமல்ல. நடுவே குழி ஓடிய கூரான இரும்புக் குத்தூசி ஒன்றைச் சாக்கின் மேலும் நடுவிலும் அடியிலும் செருகி இழுக்கின்றார். அந்தக் குழியில் கொட்டைகள் வந்து விழுகின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து 350 கிராம் நிறுத்து எடுக்கின்றார். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் மத்ரஸாவில் வியாபாரப் பாடத்தோடு படிப்பிக்கின்றோம். கோப்பி வியாபாரத்திலும் மேற்பரப்பை நம்புவதில்லை. அதே ஈரந்தான் இங்கேயும் முதல் எதிரி.

ஈரத்தை அளக்கச் சிறியதொரு கருவி வைத்திருக்கின்றார். வறுக்காத கொட்டையில் ஈரம் நூற்றுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை இருப்பது நல்லது. அதற்கு மேலே போனால் சாக்குக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத்தில் சில வகைகள் உண்டாக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுமையாக அழியாது. ஈரம் மிகக் குறைந்தால் கொட்டை நொறுங்கும்; வறுத்தபின் சாரமில்லாத கோப்பியாகும்.

அடுத்து மூக்கு. வறுக்காத கோப்பியின் வாசம் நமக்குப் பழக்கமில்லாதது. காய்ந்த புல்லையும் பச்சைப் பயற்றையும் நினைவூட்டும் மெல்லிய வாசம். அதில் சாக்கு நாற்றம், மண்ணெண்ணெய், கருவாடு, புகை என்று ஏதாவது கலந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பதன் வாசத்தைக் கோப்பி இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. குசினி மூலையில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் ஆறு மாதம் கிடந்த கோப்பியை எந்த நெருப்பாலும் திருத்த முடியாது என்கிறார் ஹாஜியார்.

பிறகு கண். 350 கிராமில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டைகள் இருக்கும். இரண்டு பெண்கள் அவற்றை வெள்ளைத் துணியில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போல் குறையுள்ளவற்றை வகை வகையாக ஒதுக்குகின்றார்கள். முழுதும் கறுத்தவை ஒரு பக்கம். அளவு மீறிப் புளித்துச் செம்பழுப்பாகிப் போனவை ஒரு பக்கம். குண்டூசியால் குத்தியது போல் துளையுள்ளவை கோப்பித் துளைப்பான் வண்டின் வேலை. உடைந்தவை, சங்கு போல் குழிந்தவை, சுருங்கியவை, பூஞ்சணம் பூத்தவை, கடைசியாகக் கல், குச்சி.

எல்லாக் குறையும் ஒன்றல்ல. உயர்தரக் கோப்பி வர்த்தகத்தில் வழங்கும் விதிப்படி, முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு, பூஞ்சணம், கல் போன்ற பெரிய குறை 350 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சிறு குறைகளுக்குக் கணக்குண்டு. பாதி கறுத்த கொட்டை மூன்று சேர்ந்தால் ஒரு குறை. உடைந்தவை ஐந்து சேர்ந்தால் ஒரு குறை. லேசாகத் துளைபட்டவை பத்து சேர்ந்தால் ஒரு குறை. இப்படிக் கூட்டிய கணக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. தராசு மட்டும் நேராக இருந்தால் போதாது, இந்த எண்ணிக்கையும் நேராக இருக்க வேண்டும். ஏனெனில் சாக்கின் விலை இங்கேதான் ஏறுகின்றது அல்லது இறங்குகின்றது.

துளைகளையுடைய தட்டுகளில் அரித்துப் பருமனும் பார்க்கின்றார்கள். பெரிய கொட்டைதான் ருசியான கொட்டை என்று எண்ணிவிட வேண்டாம். சிறியதும் பெரியதும் கலந்திருந்தால் வறுக்கும்போது சிறியது கருகும், பெரியது வேகாது. அதற்காகவே இந்த அரிப்பு.

நெருப்பு காட்டிக் கொடுப்பது

இவ்வளவுக்குப் பிறகும் மறைந்திருக்கும் குறையொன்று உண்டு. பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டையைத் தோலுரித்துக் காயவைத்த பின் கண்ணால் பிரித்தெடுப்பது கடினம். அதை வெளியே கொண்டு வருவது நெருப்புத்தான்.

மாதிரிக்கென்று சிறிய உருளையொன்று வைத்திருக்கின்றார்கள். நூறு கிராம் பிடிக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் வறுவல் முடிய வேண்டும். முதலில் புல் வாசம். பிறகு பாண் போறணையின் வாசம். உஷ்ணம் 200 பாகைக்குக் கிட்ட வரும்போது சோளம் பொரிவது போல் படபடவென்ற சத்தம். அதன் பிறகு அதிக நேரம் விடுவதில்லை. இளம் பழுப்பில் இறக்கி ஆறவைக்கின்றார்கள்.

“நம்மட வீடுகள்ல தாச்சில போட்டுக் கரியாகும் வரைக்கும் வறுப்பாங்களே, ஹாஜியார்?” என்று கேட்டேன்.

“கரியாக்கினா நல்லதும் கெட்டதும் ஒண்டுதான் மௌலவி. எல்லாம் கரி ருசி. குறைய மறைக்கிறதுக்கு அது நல்ல வழி. குறையப் பார்க்கிறதுக்கு இளசா வறுக்கணும்” என்றார்.

இளசாக வறுத்த மாதிரியைத் தட்டில் கொட்டிய போது அந்த மறைந்த குறையைக் கண்டேன். பழுப்பு நிறக் கொட்டைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய மஞ்சள் நிறத்தில் சில கொட்டைகள். மற்றவற்றோடு அதே நெருப்பில் அதே நேரம் கிடந்தவைதாம். ஆனாலும் நிறம் ஏறவில்லை. காயாகப் பறிக்கப்பட்டதால் இனிப்பு அவற்றில் சேர்ந்திருக்கவில்லை. இனிப்பில்லாத கொட்டை பழுப்பாவதில்லை. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். பழைய நிலக்கடலைத் தோலும் காகிதமும் கலந்த ருசி.

ஐந்து கோப்பைகள்

வறுத்த மாதிரியை ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் ருசி பார்க்கின்றார்கள். ஒரு சாக்குக்கு ஐந்து பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் 8.25 கிராம் கொட்டை; தனித்தனியே நிறுத்து, தனித்தனியே அரைக்கின்றார்கள். ஏன் ஐந்து, ஏன் தனித்தனி? ஒரு கோப்பைக்குள் போவது அறுபது எழுபது கொட்டைகள். அவற்றில் ஒன்று புளித்துப் போனதாக இருந்தால் அந்தக் கோப்பை மாத்திரம் கெட்டிருக்கும். ஐந்தையும் ஒன்றாக அரைத்தால் அந்தக் கெடுதல் எல்லாவற்றிலும் கரைந்து மறைந்துவிடும். ஐந்தில் ஒன்று கெட்டிருந்தால், இந்தச் சாக்கை வாங்கும் வீட்டிலும் அவ்வாறே ஒரு நாள் நல்ல கோப்பியும் ஒரு நாள் கெட்ட கோப்பியும் கிடைக்கும்.

முதலில் உலர்ந்த தூளை முகர்கின்றார்கள். பிறகு கொதித்து சற்றே தணிந்த நீரை, ஏறக்குறைய 93 பாகையில், கோப்பைக்கு 150 மில்லி லீற்றர் அளவில் ஊற்றுகின்றார்கள். தூள் மேலே பொங்கி ஆடை போல் மூடிக்கொள்கின்றது. நான்கு நிமிடம் கழித்து, கரண்டியின் முதுகால் அந்த ஆடையை மெதுவாக விலக்கி, மூக்கைக் கோப்பைக்கு மிக அருகில் கொண்டு போகின்றார் ஹாஜியார். அடைபட்டிருந்த வாசம் அந்தக் கணத்தில் ஒன்றாக வெளிவருகின்றது. நுரையை அள்ளி அகற்றி, சூடு தணியும் வரை காத்திருந்து, கரண்டியில் எடுத்து, ‘சுர்’ரென்று சத்தம் வர உறிஞ்சுகின்றார். பிள்ளைகள் இப்படி உறிஞ்சினால் உம்மாமார் கண்டிப்பார்கள். இங்கே அதுதான் முறை. கோப்பி தூவானமாக வாய் முழுதும் பரவி, வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற வேண்டும். பிறகு துப்பிவிடுகின்றார். நோன்பு மாதத்தில் ருசி பார்க்கும் வேலையைத் தராவீஹுக்குப் பிறகு வைத்துக்கொள்வாராம்.

சூடாக இருக்கும்போது ஒருமுறை, இளஞ்சூட்டில் ஒருமுறை, ஆறிய பின் ஒருமுறை என்று மூன்று தடவையாவது ருசிக்கின்றார்கள். சூடு குறைகளை மூடும்; ஆற ஆற அவை தலை காட்டும். இனிப்பு உண்டா? புளிப்பு பழத்தின் புளிப்பா, வினாகிரியின் புளிப்பா? நாக்கில் கனம் எப்படி? விழுங்கிய பின் வாயில் நிற்பது நல்ல ருசியா, கசப்பா? இவற்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும் முறை உலகில் நீண்ட காலமாக நடந்து வந்தது. எண்பதுக்கு மேல் எடுத்தால் உயர்தரம் என்பார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்தப் படிவத்தை மாற்றியமைத்திருக்கின்றார்கள். ஐந்து கோப்பையும் கரண்டியும் மாறவில்லை. ரொபஸ்டாவின் கனமும் கசப்பும் வேறு என்பதால் அதற்குத் தனியாக மதிப்பீட்டு முறை உண்டு.

ஒரு தாத்தாவின் சாக்கு

நான் அங்கிருந்த நாளில், பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து தாத்தா ஒருவர் வந்திருந்தார். கணவர் மௌத்தாகிச் சில வருடங்கள். வீட்டைச் சுற்றியுள்ள இருபத்தைந்து மரங்களின் கோப்பியை விற்ற காசில்தான் இளைய மகளின் வகுப்புச் செலவு நடக்கின்றது. முதல் வாரம் கொண்டு வந்து கொடுத்த சாக்கின் விலை என்ன என்று கேட்க வந்திருந்தார். இதற்கு முன் ஒரு கடையில், சாக்கின் வாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “பிஞ்சு கூட” என்று ஒரு சொல்லில் விலையைக் குறைத்துவிட்டார்களாம். அது மெய்யா பொய்யா என்று அறிய அவருக்கு வழியில்லை.

ஹாஜியார் அவருக்குக் கதிரை போட்டு மேசையருகே இருத்தினார். அவருடைய சாக்கிலிருந்து எடுத்த மாதிரியைத் தட்டில் கொட்டினார். மஞ்சள் கொட்டைகள் கொஞ்ச நஞ்சமல்ல.

“இதப் பாருங்க தாத்தா. ஒரே நெருப்புலதான் வறுத்தது. இது பழம், இது காய்.”

“குரங்கு வுடுதா ஹாஜியார்? பழுக்கும் மட்டும் வெச்சா எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது. குரங்கு தின்னாட்டி ராவைக்கு மனுசன் ஆஞ்சிட்டுப் போறான். அதுதான் கண்டது கடியதெல்லாம் சேர்த்து உருவுறது.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. மலையோரக் கிராமங்களில் குரங்கின் தொல்லையை அறிந்தவர்கள் அந்தத் தாத்தாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஹாஜியார் பதில் பேசாமல் மூன்று கோப்பைகளை வைத்தார். ஒன்றில் அந்தச் சாக்கின் கோப்பி, வந்தபடியே. இரண்டாவதில், மஞ்சள் கொட்டைகளைப் பொறுக்கி நீக்கிய கோப்பி. மூன்றாவதில் மஞ்சள் கொட்டை மட்டும். எது எது என்று சொல்லாமல் தாத்தாவின் கையில் கரண்டியைக் கொடுத்தார். தாத்தா தயங்கினார். இருபது வருடத்துக்கு மேலாகக் கோப்பி விற்றவர். நல்ல கொட்டையைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, சுளகில் மிஞ்சிய உடைசலையும் கறுப்பையும் வறுத்து மல்லி சேர்த்து இடித்துக் குடித்தவர். தமது மரத்தின் நல்ல கோப்பியைத் தனியாக அவர் ஒருநாளும் ருசித்ததில்லை.

மூன்றாவது கோப்பையில் முகத்தைச் சுளித்தார். முதலாவதில், “இது நாங்க குடிக்கிறதுதான்” என்றார். இரண்டாவதை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று ருசித்துவிட்டு, கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். “இது எந்தத் தோட்டத்துக் கோப்பி ஹாஜியார்?”

“ஒங்கட தோட்டம்தான் தாத்தா.”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப எங்கட மரத்துல ஒரு குத்தமும் இல்ல” என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பழைய ‘சுதேசக் கோப்பி’ ஞாபகம் வந்தது. கிராமத்தான் கோப்பி மட்டம் என்று ஒரு காலம் முழுதும் சொன்னார்கள். தோலோடு காயவைத்ததுதான் காரணம் என்றும் சொன்னார்கள். இன்றோ, தோலோடு காயவைத்த கோப்பிக்கே எத்தியோப்பியாவிலும் யெமனிலும் உயர்ந்த விலை கிடைக்கின்றது. பழுத்ததை மட்டும் பறித்து, மண் படாமல், கிளறிக் கிளறிக் காயவைத்தால். குறை மரத்திலும் இல்லை, முறையிலும் இல்லை. பறிப்பதிலும் காயவைப்பதிலும் இருந்தது. அந்தக் குறை எதுவென்று விற்றவனுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

நான் ஹாஜியாரிடம் நேரடியாகவே கேட்டேன்: “கருவி, தட்டு, கோப்பை, நாக்கு எல்லாம் வாங்குபவரிடம் இருக்கின்றது. விற்கும் ஏழையிடம் சாக்கு மட்டுமே இருக்கின்றது. நீங்கள் சொன்னதுதான் விலை என்றாகிவிடாதா?”

“ஆகும்தான். அதாலதான் எண்ணுறதயும் ருசிக்கிறதயும் அவங்க முன்னுக்குச் செய்யிறது. குறைச்ச விலைக்கு வாங்கினா இண்டைக்கு எனக்கு லாபம். வார வருசமும் அதே பிஞ்சுதான் வரும். பிறகு நான் என்னத்த வறுக்க?” என்றார்.

அன்று அந்தச் சாக்குக்கு ஒரே விலை போடவில்லை. மாதிரியில் எத்தனை பங்கு பழம், எத்தனை பங்கு காய் என்று தாத்தாவின் முன் எண்ணி, இரண்டு விலையாகக் கணக்குப் பார்த்தார். முந்திய கடையில் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பெருந்தொகை என்று சொல்வதற்கில்லை. ஒதுக்கிய மஞ்சள் கொட்டைகளைச் சிறிய பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார், பிள்ளைகளுக்குக் காட்டும்படி.

வீட்டில் மரம் உள்ளவர்களுக்கு

ஹாஜியாரும் அங்கே கொட்டை பொறுக்கும் பெண்களும் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகின்றேன். மரத்தை ஒரே நாளில் உருவ வேண்டாம். வாரத்துக்கு அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை சிவந்தவற்றை மட்டும் பறியுங்கள். குரங்குக்கும் கள்ளருக்கும் பயந்து காயைப் பறிக்க வேண்டியிருந்தால் பறியுங்கள். ஆனால் பழத்தோடு கலக்காமல் வேறு பெட்டியில் போடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பழத்தின் விலை காயால் கெடாது. பறித்ததை வாளித் தண்ணீரில் கொட்டினால் பூச்சி தின்றதும் உள்ளே வெறுமையானதும் மிதக்கும், அள்ளி எடுத்துவிடுங்கள். வெறுந்தரையில் பரப்பாமல், கால் வைத்த தட்டியிலோ சுத்தமான சீமெந்துக் களத்திலோ மெல்லியதாகப் பரப்பி, நாளுக்குப் பல தடவை கிளறுங்கள். மழைக்கும் பனிக்கும் மூடுங்கள். ஒரு முறை காய்ந்தது மறுபடி நனைந்தால் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்தது போலாகும். ஐந்தாறு கிலோ பழம் காய்ந்து உரிந்தால்தான் ஒரு கிலோ கொட்டை. அத்தனை பாடுபட்டதைக் கருவாட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பக்கத்தில் வைத்துக் கெடுக்காதீர்கள். பேராதனையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கோப்பிச் செய்கைக்கு ஆலோசனை தருகின்றது. அதன் பிரதேச உத்தியோகத்தர்களிடம் கேட்பதற்குப் பெண்கள் தயங்க வேண்டியதில்லை.

வாங்கிக் குடிப்பவர்களுக்கு

கடையில் தூளாக வாங்குவதைவிட, முடிந்தால் வறுத்த கொட்டையாக வாங்குங்கள். கொட்டையில் மஞ்சளும் உடைசலும் கண்ணுக்குத் தெரியும்; தூளில் தெரியாது. தூளை வாங்கினால் ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். கோப்பித் தூள் பெரும்பாலும் மிதந்து நிற்கும். சிக்கரி கலந்திருந்தால் அது விரைவாக அடியில் இறங்கி, இறங்கும் வழியெல்லாம் நீரில் பழுப்புக் கோடு விடும். சிக்கரி விஷமல்ல, விரும்பிக் குடிப்போரும் உண்டு. ஆனால் கோப்பியின் விலை கொடுத்து அதை வாங்கத் தேவையில்லை. கொஞ்சமாக வாங்கிக் காற்றுப் புகாத போத்தலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். வறுத்து அரைத்த தூளின் வாசம் சில வாரங்களிலேயே இறங்கிப் போகும். ஒரு தடவையாவது சீனி, சுக்கு, பால் எதுவும் சேர்க்காமல், ஆறவிட்டு ஒரு வாய் ருசித்துப் பாருங்கள். அந்தத் தூளின் குணம் அப்போது தெரிந்துவிடும்.

அறபு மொழியில் கோப்பிக் கொட்டைக்கு ‘புன்’ என்று ஒரு சொல். கோப்பிப் பானத்துக்குக் ‘கஹ்வா’ என்று இன்னொரு சொல். பதினைந்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்க அதை அருந்தினார்கள். யெமன் மக்கள் காய்ந்த பழத்தோலைக்கூட வீசுவதில்லை. இஞ்சி சேர்த்துக் கொதிக்க வைத்து ‘கிஷ்ர்’ என்று குடிக்கின்றார்கள். நமது சுக்குக் கோப்பிக்கு அது நெருங்கிய உறவு என்று ஹாஜியாரிடம் சொன்னேன். “அப்ப தாத்தாமார்ட்ட தோலையும் காயவெச்சிக் கொண்டாரச் சொல்லணும்” என்று சிரித்தார். வியாபாரி அல்லவா!

நான் புறப்படும்போது அடுத்த சாக்கு வந்து இறங்கியிருந்தது. கொட்டை பொறுக்கும் பெண்களில் ஒருத்தி குத்தூசியை எடுத்துச் சாக்கின் அடியில் செருகினாள். கொண்டு வந்தவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர்களில் மிளகும் கறுவாவும் கராம்பும் வாங்கும் கடைகளிலும், விற்பவர் பார்த்திருக்கவே தரம் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். இருபத்தைந்து மரத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை நடத்தும் பெண்களுக்கு அதுவே பெரிய உதவியாக இருக்கும்.